சிங்கப்பூரில் இருந்துகொண்டு பாறை ஏற என்ன வழி?

பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்து, வார இறுதியானால் ராமநகரத்துக் கருங்கல் பாறைகளில் ஏறிப் பழகிய ஒருவர், வேலை மாற்றலாகிச் சிங்கப்பூர் வந்திருக்கிறார். “இந்தத் தீவில் மலையே இல்லையே, இனிமேல் நாலு சுவருக்குள் பிளாஸ்டிக் பிடிகளோடு காலம் தள்ள வேண்டியதுதானா? கயிறில்லாமல் குறைந்த உயரத்தில் ஏறும் போல்டரிங், கயிறு போட்டு ஏறுவது, இரண்டுக்கும் இங்கே என்ன இருக்கிறது? என் மனைவியும் புதிதாகத் தொடங்க ஆசைப்படுகிறார்” என்பது அவர் கேள்வி. பல வருடமாக இங்கேயே ஏறிக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிலவரம். சிங்கப்பூரின் உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உச்சி வரை தார்ச்சாலை போகிறது. உயரத்தைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் குன்று முழுக்கக் கருங்கல். ராமநகரத்தில் நீங்கள் தொட்ட கல்லுக்கு உறவுக்காரக் கல். ஒரு காலத்தில் அந்தக் கல்லை உடைத்து எடுத்த குவாரிகளில் ஒன்றான டெய்ரி ஃபார்ம் குவாரியில் இன்றைக்கு ஏறலாம். தீவில் இயற்கைப் பாறையில் முறைப்படி ஏற இருக்கும் ஒரே இடம் அதுதான். உள்ளரங்கச் சுவர்களோ ஊர் முழுக்க இருக்கின்றன. ஒரு ராத்திரி பஸ் பயணத்தில் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை. இரண்டு மணி நேரத்துக்குள்ளான விமானப் பயணத்தில் தாய்லாந்தின் கிராபி. ஆக, மலை இல்லாத தீவில் இருந்தாலும் பாறைக்குப் பஞ்சமில்லை. எந்த வரிசையில் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

இங்கே நிறையப் பேர் செய்வது என்னவென்றால், ஜிம்மில் ஆறு மாதம் ஏறுவார்கள், கை நன்றாக வலுவாகிவிடும், நேராகக் கிராபிக்கு டிக்கெட் போடுவார்கள். நடுவில் இருக்கும் அந்தக் குவாரியைத் தாண்டிவிடுவார்கள். “அங்கே என்ன பெரிதாக இருக்கிறது, சின்ன இடம்” என்பார்கள். என் அனுபவத்தில், இந்தத் தீவில் ஏறக் கற்றுக்கொள்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வரம் அந்தச் சின்னக் குவாரிதான். ஏன் என்று அந்த இடத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

சரி, உங்கள் மனைவியிடமிருந்து தொடங்குவோம். புதிதாக வருபவருக்கு போல்டரிங் ஜிம்தான் சரியான வாசல். கயிறு வேண்டாம், கூட்டாளி வேண்டாம், காலணியும், கை வழுக்காமல் இருக்கத் தடவும் சாக் பொடியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நாலு, நாலரை மீட்டர் உயரச் சுவர், கீழே தடிமனான மெத்தை. ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்து மேலே போவது ஒரு ‘பிராப்ளம்’. போல்டர் மூவ்மெண்ட், போல்டர் பிளானட், பிஎஃப்எஃப் கிளைம்ப் என்று பல இடங்கள் இருக்கின்றன. ஒருமுறை உள்ளே போக 20 முதல் 30 சிங்கப்பூர் வெள்ளி ஆகும். வாரம் இரண்டு முறைக்கு மேல் போவீர்கள் என்றால் மாதச் சந்தா எடுப்பதுதான் கட்டுபடியாகும். எந்த ஜிம் நல்லது என்று கேட்டால், வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகில் இருப்பது நல்லது. தூரமாக இருந்தால் மூன்றாவது வாரம் போக மாட்டீர்கள். வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் எல்லா இடமும் நெரிசல்தான். முடிந்தால் காலையில் போங்கள்.

போல்டரிங்கில் கயிறு இல்லையே, உயரமும் குறைவுதானே, அதனால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு முறை விழும்போதும் தரைக்குத்தான் வருகிறோம். கணுக்காலும் முழங்காலும் அடிபடுவது அதிகம். முதல் நாள் ஏறக் கற்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்: இரண்டு பாதமும் ஒன்றாகத் தரை தொட வேண்டும், முழங்காலை மடக்கி அப்படியே பின்பக்கம் உருள வேண்டும், கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. மணிக்கட்டு உடைவது அந்த ஊன்றலில்தான். மேலே தொட்ட பிறகு குதிக்காமல், பெரிய பிடிகளைப் பிடித்து இறங்கும் பழக்கத்தையும் முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிடலாம்.

விரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசை சில வாரங்களிலேயே வலுவாகிவிடும். தசைநாரும், அதை விரல் எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் வளையங்களும் அந்த வேகத்துக்கு வருவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் நேரம் வேண்டும். அதனால்தான் மூன்று நாலு மாதம் கழித்து, “இப்போது நன்றாக ஏறுகிறேன்” என்ற தெம்பு வரும் நேரத்தில் மோதிர விரலில் டப்பென்று ஒரு சத்தம் கேட்கிறது. விரல் நுனியை மடித்துக் கட்டைவிரலை மேலே பூட்டிப் பிடிக்கும் கிரிம்ப் பிடிதான் அந்த வளையங்களுக்கு அதிகச் சுமை. முதல் வருடத்தில் முடிந்தவரை விரல்களை விரித்த நிலையில் பிடிக்கப் பழகட்டும். விளக்கெரியும் பயிற்சிப் பலகைகள் பல ஜிம்களில் இருக்கின்றன. உங்களுக்கு அவை நல்ல தீனி. அவருக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பெங்களூரிலிருந்து வருபவருக்கு இங்கே முதலில் அதிர்ச்சி தருவது காற்று. ஆண்டு முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பகலில் 31, 32 டிகிரி. ராத்திரியிலும் 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம். டிசம்பரில் ராமநகரத்துப் பாறை விடியற்காலையில் தோலைக் கவ்விப் பிடிக்குமே, அந்த நாள் இங்கே வரவே வராது. நேற்று பிடித்த பிடி இன்று சோப்பு போல வழுக்கும். பலம் குறைந்துவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள், காற்றில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். இங்கே நாங்கள் செய்வது: முதலில் ஆல்கஹால் கலந்த திரவ சாக் தடவிக் காயவிடுவது, அதற்கு மேல் பொடி மெல்லிசாக. பொடியை அப்பினால் இன்னும் வழுக்கும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் பிரஷ்ஷால் பிடியைத் தேய்த்துவிடுவது. பையில் ஒரு சின்ன மின்விசிறி வைத்துக்கொண்டு விரல்களைக் காயவைத்துக்கொள்பவர்களையும் பார்ப்பீர்கள். ஊறிப்போன தோல் எளிதில் பிய்ந்து வரும். காய்த்துப்போன மேடுகளை வாரம் ஒருமுறை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி வையுங்கள். குளிரூட்டப்பட்ட ஜிம்முக்கும் மின்விசிறி மட்டும் ஓடும் ஜிம்முக்கும் ஒரு கிரேடு, அதாவது கடினத்தில் ஒரு படி, அளவுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் வெளிப்பாறைக்குப் போகும் எண்ணம் இருந்தால், மாதத்தில் சில நாளாவது புழுக்கத்தில் ஏறுங்கள். வெளியே குளிரூட்டி கிடையாது.

அடுத்தது கயிறு. கல்லாங்கிலும் ஃபுனானிலும் கிளைம்ப் சென்ட்ரல் இருக்கிறது. உயரமான சுவர்கள். தானாகவே கயிறை இழுத்துக்கொள்ளும் ஆட்டோ பிலே கருவிகளும் உண்டு. ஆட்டோ பிலேயில் ஏற யார் வேண்டுமானாலும் போகலாம். கூட்டாளிக்குக் கயிறு பிடிக்க (அதைத்தான் பிலே என்கிறோம்) வேண்டுமென்றால் அங்கேயே சோதித்துப் பார்ப்பார்கள். இங்கே எஸ்என்சிஎஸ் என்ற தேசிய ஏறுதல் தரநிலை ஒன்று இருக்கிறது. முதல் நிலை டாப் ரோப்புக்கு, அதாவது மேலே ஏற்கெனவே மாட்டிய கயிறில் ஏறுவதற்கு. இரண்டாம் நிலை லீடுக்கு, அதாவது போகப் போக நாமே கயிறை மாட்டிக்கொண்டு ஏறுவதற்கு. ஏற்கெனவே லீட் தெரிந்தவர் நீங்கள், “எனக்குத் தெரியுமே” என்று தோன்றும். இருந்தாலும் அந்த இரண்டாம் நிலையை எடுத்துவிடுங்கள். பல இடங்களில் உதவும் சீட்டு அது. அதைவிட முக்கியமான காரணம், உங்கள் மனைவியும் அதே வகுப்பில் உட்கார்ந்தால் இருவரும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் சரிபார்க்கப் பழகுவீர்கள். கணவன் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கும் பிலேயில் பாதி சமாதானமாக முடியாது, மீதிப் பாதியில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மூன்றாவது ஆள் கற்றுக்கொடுப்பதுதான் இருவருக்கும் நல்லது.

இப்போது டெய்ரி ஃபார்ம். டவுன்டவுன் தடத்தில் ஹில்வியூ எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பெயரில் இருப்பது உண்மைப் பால் பண்ணைதான். 1930களில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் இங்கே மாடு வளர்த்துப் பால் கறந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1854இல், இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்தப் புக்கிட் தீமா காட்டில்தான் வண்டு வண்டாகச் சேகரித்தார். அவர் பெயரில் ஒரு நடைபாதையும் உள்ளே இருக்கிறது. 2009இல் தேசியப் பூங்காக் கழகம் இதை இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. காலை 7 முதல் மாலை 7 வரை போகலாம். கிளம்புவதற்கு முன் கழகத்தின் இணையதளத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காகவோ, மழையில் கல் சரிந்தோ பாதை மூடியிருந்தால் அங்கேதான் அறிவிப்பு வரும்.

காட்டுப்பாதை திரும்பியதும் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சுவர் ஒன்று எழுந்து நிற்கும். வெடி வைத்துப் பிளந்த கல் என்பதால் முகங்கள் தட்டையாகவும் விளிம்புகள் கூராகவும் இருக்கும். மூக்கு தொடும் தூரத்தில் நின்று பாருங்கள். வெள்ளையும் இளஞ்சாம்பலுமாகப் பொடிப்பொடிப் படிகங்கள், நடுவில் மின்னும் கறுப்பு அபிரகம். ஜிம்மில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைக்கலாம், பிடி முட்டை அளவாவது இருக்கும், நிறம் வேறு கத்திச் சொல்லும். இங்கே கால் வைக்கும் இடம் ஒரு அரிசி மணியின் பருமன். அதன் மேல் பெருவிரல் முனையை வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, எடை முழுவதையும் அந்த மணி மேல் இறக்க வேண்டும். பயந்து சுவரோடு ஒட்டினீர்கள் என்றால் எடை முன்னால் போய்விடும், கால் சறுக்கும். நம்பி நின்றால் நிற்கும். ஜிம்மில் 6சி கிரேடு ஏறும் பிள்ளைகள் இங்கே அதைவிட எளிதான 5சி வழியில் கால் நடுங்க நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கை பலம் எவ்வளவு இருந்தாலும் செல்லாத இடம் இது. ராமநகரத்தில் பழகிய உங்களுக்கு இந்த மாதிரி ஏறுவது புதிதல்ல. ஆனால் இங்கே இருக்கும் பெரும்பாலானோருக்கு இது முற்றிலும் புதுப்பாடம், உங்கள் மனைவிக்கும் அப்படித்தான் இருக்கும்.

காலைவிடப் பெரிய பாடம் ஒன்றும் இங்கே இருக்கிறது. ஜிம்மில் உச்சிக்குப் போனால் பூட்டு போட்டுக் காத்திருக்கும் ஆங்கரில், அதாவது கயிறைத் தாங்கும் பிடிமானத்தில், கயிறை மாட்டிவிட்டு இறங்கலாம். குவாரியில் உச்சியில் பாறைக்குள் பதித்த இரண்டு போல்ட்டும் ஒரு வளையமும் இருக்கும். அங்கே உங்களைப் பூட்டிக்கொண்டு, கயிறை அவிழ்த்து, வளையத்துக்குள் நுழைத்து, மறுபடி கட்டி, சரிபார்த்து, கீழே இருப்பவரிடம் சொல்லி, எடையைக் கொடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பூட்டைக் கழற்ற வேண்டும். வரிசை ஒன்று தவறினால் பிடிமானமே இல்லாமல் நிற்கிறோம் என்று அர்த்தம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவசரமே இல்லாமல் இதை இருபது முறை செய்து பழகலாம். விமான டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கும்போது முதல்முறையாக இதைச் செய்து பார்ப்பதில் எவ்வளவு ஆபத்து! குவாரியைத் தாண்டிவிட்டுப் போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

தலைக்கவசம் கட்டாயம், கீழே நிற்பவருக்கும்தான். வெடித்துப் பிளந்த பாறையில் தளர்ந்த கல் இருக்கும். கையில் வந்தால் “கல்!” என்று கத்துங்கள். மழை பெய்து ஓய்ந்த உடனே போகாதீர்கள். கருங்கல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, வெயில் வந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் மேலே இருக்கும் மண்ணிலிருந்து கசிவு நாள் முழுக்க ஓடும். இடியை இங்கே லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது, பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. அதனால் காலை ஏழு மணிக்கே போய்ப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், டெங்கி இங்கே சும்மா பேச்சல்ல. குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை, உணவைத் திறந்து வைக்காதீர்கள்.

“பக்கத்துப் புலாவ் உபின் தீவில் அவ்வளவு கருங்கல் இருக்கிறதே” என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது. 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கே கல் அங்கிருந்துதான் போனது. ஆனால் குவாரிகள் இப்போது தண்ணீர் நிறைந்து, வேலி போட்டு அடைக்கப்பட்டவை. சிங்கப்பூர்த் தீவிலேயே இருக்கும் புக்கிட் தீமாவின் ஹிந்தீட் குவாரி, புக்கிட் கொம்பாக்கின் ‘லிட்டில் குவிலின்’ எல்லாமும் பார்த்து ரசிக்க மட்டும். வேலி தாண்டி ஏறுபவர் ஒருவர் மாட்டினால் டெய்ரி ஃபார்மையும் சேர்த்து நாம் இழக்க நேரிடும், அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது பத்துமலை. தமிழருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே 272 படியும் 42.7 மீட்டர் முருகன் சிலையும்தான் கண்ணில் வரும். அதே சுண்ணாம்புக் குன்றின் மறுபக்கத்தில் ஏறுவதற்கான சுவர்கள் இருக்கின்றன. டாமாய், ஞாமுக் என்ற பெயர்கள் காதில் விழுந்திருக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட வழிகள், 5ஆம் கிரேடில் தொடங்கி 7க்கு மேலும் போகின்றன. வெள்ளி இரவு பஸ் ஏறினால், சோதனைச்சாவடி நெரிசல் இல்லாத நாளில், ஐந்தாறு மணி நேரத்தில் கோலாலம்பூர். கேஎல் சென்ட்ரலிலிருந்து கோயில் வாசலுக்கு கொமுட்டர் ரயிலே போகிறது. ஏறும் பக்கத்துக்கு அங்கிருந்து கார் பிடித்துச் சுற்றிப் போக வேண்டும். நான் முதல்முறை போனபோது காலையில் படியேறிக் கும்பிட்டுவிட்டு, மதியம் பின்பக்கச் சுவரில் ஏறினேன். இன்றும் அதே வழக்கம்தான். தைப்பூச வாரத்தில் மட்டும் கயிறை வீட்டில் வைத்துவிட்டுப் பக்தராகப் போங்கள். சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும், லட்சக்கணக்கில் கூட்டம் வரும்.

சுண்ணாம்புக்கல் கருங்கல்லுக்கு நேர் எதிர் குணம். தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குழிவும் தூணும் தொங்கலுமாகச் செதுக்கியிருக்கும். கை முழுக்க உள்ளே போகும் பொந்துகள், இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் தூண்கள். ஜிம்மிலிருந்து வருபவருக்கு இது பழகிய உலகம் போல இருக்கும், சந்தோஷமாக ஏறுவார்கள். ஆனால் அதிகம் பேர் ஏறிய வழிகளில் கால் வைக்கும் இடங்கள் கண்ணாடி போல மெருகேறிக் கிடக்கும். மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். மேலே உலர்ந்து தெரியும் தூணின் பின்பக்கம் கை வைத்தால் சேறு.

அங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. என்னிடம் இருந்தது 60 மீட்டர் கயிறு. நடுவே ஒருமுறை பழுதாகி நுனியை வெட்டியிருந்தேன், எவ்வளவு வெட்டினேன் என்று குறித்து வைக்கவில்லை. நண்பர் முப்பது மீட்டருக்கு நெருக்கமான ஒரு வழியை முடித்துவிட்டு இறங்குகிறார், நான் கயிறை விட்டுக்கொண்டிருக்கிறேன், கண் அவர் மேல் இருக்கிறது. திடீரென்று பிடித்திருந்த கையில் கயிறு லேசாகிவிட்டது போல ஓர் உணர்வு. குனிந்து பார்த்தால் காலடியில் சுருள் இல்லை. ஒன்றரை முழம் மிச்சம், நுனியில் முடிச்சும் இல்லை. அவர் இன்னும் தரையிலிருந்து மூன்று மீட்டர் மேலே. இறுகப் பிடித்துக்கொண்டு நான் பாறை மேல் இரண்டடி ஏறி நின்றதால் அவரைப் பக்கத்துத் திட்டில் இறக்க முடிந்தது. அந்த ஒன்றரை முழமும் கருவி வழியாக ஓடியிருந்தால் அவர் முதுகோடு கல்லில் விழுந்திருப்பார். அன்றிலிருந்து கயிறுப் பையைத் திறந்ததும் என் முதல் வேலை நுனியில் முடிச்சு போடுவது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். 70 மீட்டர் கயிறு வாங்குங்கள், வெட்டினால் அளந்து பையிலேயே எழுதி வையுங்கள்.

கோலாலம்பூரில் மழை பிடித்துக்கொண்டால் ஒன் உத்தாமா கடைத்தொகுதியில் கேம்ப்5 ஜிம் இருக்கிறது, நாள் வீணாகாது. மலேசியாவில் வேறு இடங்களும் உண்டு: டெம்ப்ளர் பூங்கா அருகே புக்கிட் தாக்குன், வடக்கே பெர்லிஸில் புக்கிட் கெத்தேரி. தியோமான் தீவின் தெற்கு முனையில் முக்குட் கிராமத்துக்கு மேலே எழும் இரட்டைக் கருங்கல் கொம்புகளின் படத்தைப் பார்த்தவுடன் கிளம்பத் தோன்றும். அது பல கயிற்று நீளம் (ஒவ்வொன்றும் ஒரு ‘பிட்ச்’) ஏறி, மேலேயே பொழுது சாய வாய்ப்புள்ள பெரிய சுவர். காடு வழியாகத் தண்ணீரும் சுமந்து போக வேண்டும். இரண்டு மூன்று வருடம் கழித்து, பலமுறை பல பிட்ச் வழிகள் ஏறிய கூட்டாளியோடு போங்கள்.

கிராபியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். ரைலே, தோன்சாய் இரண்டும் மலை அடைத்துக்கொண்ட கடற்கரைகள், சாலை கிடையாது, ஆவ் நாங் போன்ற இடங்களிலிருந்து படகில்தான் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்தே செங்குத்தாக எழும் சுண்ணாம்புச் சுவர்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை உலர்ந்த காலம். உங்கள் மனைவியின் முதல் வெளிநாட்டுப் பாறைக்கு ரைலே கிழக்கின் ஒன்-டூ-த்ரீ சுவர் பொருத்தம். உங்களுக்குத் தோன்சாயில் ஹியூமனாலிட்டி என்ற பல பிட்ச் வழி இருக்கிறது, கீழே கடற்கரை சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்தபடி ஏறலாம்.

ஆனால் போவதற்கு முன் போல்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தீவில் வாழும் நமக்கு உலகின் மற்ற ஏறுநர்களைவிட இது அதிகம் தேவைப்படும். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் போல்ட், வெப்பமான கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுவிடும். கடற்காற்றின் உப்பும், பாறையிலிருந்து கரைந்து வரும் தாதுக்களும், சூடும், ஈரமும், போல்ட்டை இறுக்கியபோது அதில் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஒரு புள்ளி பழுப்புதான் தெரியும். ஒரு கார் தொங்கினாலும் தாங்க வேண்டிய போல்ட், ஆள் எடைக்கே முறிந்த சம்பவங்கள் தாய்லாந்தில் நடந்திருக்கின்றன, அதுவும் போட்டுச் சில ஆண்டுகளுக்குள். அதனால்தான் அங்கே ஏறுபவர்கள் காசு சேர்த்து, பழைய எஃகை எடுத்துவிட்டு டைட்டானியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதித்து வருகிறார்கள். இந்த விரிசலுக்கு டைட்டானியம் மசிவதில்லை. மங்கிய சாம்பல் நிறத்தில், தனியாகத் திருகாணி எதுவும் தெரியாமல், வளைத்த கம்பி போலப் பாறைக்குள் போயிருந்தால் பெரும்பாலும் அதுதான். போய் இறங்கியதும் உள்ளூர் ஏறும் கடையில் புதிய வழிநூலை வாங்கி, எந்த வழியில் டைட்டானியம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போல்ட் மாற்றும் அந்த வேலைக்குப் பத்து டாலர் கொடுக்கவும் தயங்காதீர்கள், நாம் தொங்குவது அந்தப் பணத்தில்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் பத்துமலைக்கும், தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் பக்கத்து கிரேஸி ஹார்ஸ் பாறைக்கும் இந்தக் கவலை மிகக் குறைவு. குளிர்காலத்தில் சியாங் மாய் காற்று, கைக்குப் பெங்களூரை ஞாபகப்படுத்தும்.

வெளிப்பாறையில் போல்டரிங் மட்டும்தான் இந்தப் பக்கத்தில் நிறைவாகக் கிடைக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெய்ரி ஃபார்ம் கயிற்றுக்கான இடம். பாறை உருண்டைகளில் மனம் ஊறிப்போயிருந்தால் ஊருக்குப் போகும் விடுமுறையில் ஹம்பிக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். டிசம்பர், ஜனவரிதான் காலம், அதிலும் விடியலும் அந்தியும் மட்டும். அதே பயணத்தில் பாதாமியின் மணற்கல்லில் கயிறு போட்டு ஏறலாம். மணற்கல் நனைந்தால் பலம் இழக்கும், மழைக்குப் பிறகு இரண்டு நாளாவது விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் தொல்லியல் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் பக்கம் போகக் கூடாது.

செலவுக்கு வருவோம். காலணி இருவருக்கும் சொந்தமாக, ஆளுக்கு 150 முதல் 250 வெள்ளி. வாங்கும்போது மனைவியின் முதல் ஜோடி விரல் மடங்கி வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக வேண்டாம், இங்கே வெக்கையில் பாதம் வீங்கும். இடுப்பில் கட்டும் ஹார்னஸ், தலைக்கவசம், பிலே கருவி அதற்கு அடுத்து. கயிறும், அதைப் போல்ட்டில் மாட்டும் இரட்டைக் கொக்கிகளான குவிக்ட்ரா பன்னிரண்டும் முதல் வருடத்தில் நண்பர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். குவாரிக்கு நாலு பேராகப் போவதுதான் வழக்கமும். எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து நிழலில் காயவையுங்கள். மூடிய பையில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்த குவிக்ட்ராக்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, கொக்கியின் வாய் திறந்து மூடும் இடத்தில் ஒரு சொட்டு மசகு விடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்: முதல் மூன்று மாதம் இருவரும் போல்டரிங், நடுவில் எஸ்என்சிஎஸ் வகுப்புகள். அதற்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு குவாரி. ஆண்டில் மழை குறைந்த பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும் அதற்கு நல்ல காலம். உச்சியில் ஆங்கர் மாற்றுவது இருவருக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யும் அளவுக்குக் கைவந்த பிறகு ஒரு நீண்ட வார இறுதியில் பத்துமலை. அடுத்த நவம்பருக்குக் கிராபி டிக்கெட். குவாரிக்கு முதல்முறை போகும்போது தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். உங்கள் ஜிம்மில் கயிறு ஏறுபவர்களிடம் “ஞாயிற்றுக்கிழமை யாராவது டிஎஃப் போகிறீர்களா?” என்று கேட்டாலே போதும், சேர்த்துக்கொள்வார்கள். இங்கே டெய்ரி ஃபார்முக்கு அந்தச் சுருக்கப் பெயர்தான் புழக்கம்.